மலையோரம் ஏரோடோ: ரோட்டருக்குள் இழுவை விமானத்தின் பின்னால் பறப்பது எப்படி?

ஹாலிஸ்டர்_வாசி

எல்லோருக்கும் வணக்கம். நான் பூனா ஹடப்சரில் வின்ச்சில் (தரையிலிருந்து கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம்) கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், பழகியவன். கலிபோர்னியா வந்த பிறகு ஹாலிஸ்டரில் ஏரோடோவுக்கு (இன்னொரு விமானம் கயிற்றால் இழுத்து மேலே கொண்டுபோகும் முறை) மாறினேன். காற்று அடங்கிய காலையில் இழுவை விமானத்தின் பின்னால் ஒழுங்காக நிற்க வருகிறது. வெயில் ஏறித் தெர்மல் (மேலே எழும் சூடான காற்று) கிளம்பினாலும் சமாளித்துவிடுகிறேன்.

வரும் மார்ச்சில் மிண்டன் போகிறேன். நெவாடா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊர். மலை வேவில், அதாவது மலையைத் தாண்டி வரும் காற்றில் எழும் அலையில், பறக்கப்போவது இதுதான் முதல்முறை. இரட்டை இருக்கைக் கிளைடர், பின்னால் உள்ளூர்ப் பயிற்றுநர் உட்காருவார், அதனால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் இங்கே கேட்கிறேன்.

கேள்வி மூன்று. ஹாலிஸ்டரில் இழுவை விமானத்தின் இறக்கையைத் தொடுவானத்தோடு ஒட்டி வைத்துத்தான் என் உயரத்தைப் பிடிக்கிறேன். முன்னால் முழுக்க மலையாக இருந்தால் எதை வைத்துப் பிடிப்பது? ரோட்டருக்குள், அதாவது அந்த அலைக்குக் கீழே உருளும் கலங்கிய காற்றுக்குள், இழுவை விமானம் மேலும் கீழுமாகப் போகும்போது எந்த அளவுக்கு அதைப் பின்தொடர வேண்டும்? எந்தக் கட்டத்தில் கயிற்றை விடுவிக்கும் ரிலீஸை இழுத்துவிட வேண்டும்?

கயிற்றுக்கு_முன்னால்

நான் இழுவை விமானி. பைப்பர் பானி ஓட்டுகிறேன். உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் இருப்பது என் உயிர்.

என் விமானம் உங்கள் மூக்குக்குக் கீழே போய் மறைந்தால் அந்த நொடியே ரிலீஸ். ரேடியோவில் கேட்பதோ, இன்னொரு வினாடி பார்க்கலாம் என்று ஸ்டிக்கை முன்னால் தள்ளித் தேடுவதோ வேண்டாம். இழுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், கிளைடர் எனக்கு மேலே ஏறினால் கயிறு என் வாலை மேலே தூக்கும். ஓரளவு வரை நான் ஸ்டிக்கை இழுத்துச் சமாளிப்பேன். அதைத் தாண்டினால் ஸ்டிக் வயிற்றில் இடிக்கும் வரை இழுத்தாலும் மூக்கு கீழே போய்க்கொண்டேதான் இருக்கும். நீங்கள் வின்ச்சில் பழகியவர் என்பதால் இது சட்டென்று புரியும்: கிளைடர் மேல்நோக்கி வீசிக்கொண்டு போனால் அதன் வேகம் கூடும், கயிற்றின் இழுவை இன்னும் கூடும், அதனால் இன்னும் வேகமாக ஏறும். எல்லாம் இரண்டு மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். என் மூக்கு நேர்கீழாகத் திரும்பிய பிறகு நீங்கள் ரிலீஸ் செய்தாலும் நான் நிமிர்ந்து வருவதற்குப் பல நூறு அடி வேண்டும். அந்த உயரம் கையில் இல்லாமல் செத்த இழுவை விமானிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

"உங்களிடமும் ரிலீஸ் இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இன்னும் நிறைய இழுவை விமானங்களில் இருக்கும் பழைய ஷ்வைசர் ஹூக்கில் (கயிறு மாட்டும் கொக்கி) கயிறு பலமாக மேல்நோக்கி இழுக்கும்போது உராய்வு கூடிப் பிடித்துக்கொள்ளும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் விடாது. இதற்காகவே சில இடங்களில் அந்த ஹூக்கைத் தலைகீழாகப் பொருத்துகிறார்கள், சிலர் டோஸ்ட் ஹூக்குக்கு மாறிவிட்டார்கள். போகும் இடத்தில் எது இருக்கிறது என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்கிற கிளைடர் விமானியை எங்களுக்குப் பிடிக்கும்.

கிளைடர் பக்கம் ஆபத்தைக் கூட்டும் விஷயங்கள்: எடை குறைந்த கிளைடர், குட்டையான கயிறு, வயிற்று ஹூக். உங்கள் கிளைடரில் மூக்கு ஹூக்கும் வயிற்று ஹூக்கும் இருந்தால் ஏரோடோவுக்கு எப்போதும் மூக்கு ஹூக்தான். வயிற்று ஹூக்கில் கயிறு போட்டால் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும், அதை அடக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். சமதளத்தில் அமைதியான காலையில் இது தெரியாது. ரோட்டரில் தெரியும்.

மூன்றாம்_அலை

முன்னால் சொன்னவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். மற்ற இரண்டு கேள்விக்கும் நான் சொல்கிறேன். பல வருடமாக மலையில்தான் பயிற்சி கொடுக்கிறேன்.

தொடுவானம் பற்றி. மலைக்கு வந்தவுடன் அதை மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய அடையாளம் எல்லாமே இழுவை விமானத்திலேயே இருக்கிறது. அதன் வாலில் இருக்கும் கிடைத்தகடு, முன்னால் இருக்கும் இறக்கைக்கு எதிரே எந்த இடத்தில் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் ஏறினால் வால் இறக்கைக்குக் கீழே இறங்கித் தெரியும், இறங்கினால் மேலே ஏறித் தெரியும். இந்தப் படம் மலைக்கும் வானத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

அந்தப் படத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மிண்டனில் காற்று சாதுவாக இருக்கும் நாளில், வேவுக்குப் போகும் முன், ஒரு டோ எடுங்கள். உயரம் வந்ததும் மெல்ல மெல்ல இறங்குங்கள். புரொப்பெல்லர் கிளப்பும் கலங்கிய காற்று கிளைடரின் அடிவயிற்றில் தட்டும். தட்டல் நிற்கும் வரை ஏறுங்கள், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏறுங்கள். அந்த இடத்தில் வால் எங்கே தெரிகிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு விமானம் இது மாறும். ஹாலிஸ்டரில் நீங்கள் பார்த்துப் பழகிய படம் அங்கே இருக்கும் விமானத்துக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

சரிவும் இதே மாதிரி ஏமாற்றும். பக்கத்தில் சாய்ந்த மலைச்சரிவு ஓடினால் நம் கண் அதைச் சமம் என்று எடுத்துக்கொண்டு இறக்கையை அதற்கு ஏற்பச் சாய்க்கப் பார்க்கும். உங்கள் இறக்கை இழுவை விமானத்தின் இறக்கைக்கு இணையாக இருந்தால் போதும், மலை எப்படி வேண்டுமானாலும் சாய்ந்திருக்கட்டும். ரிலீஸான பிறகு இன்னொரு மாயை வரும். நிலம் முன்னால் உயர்ந்துகொண்டே போனால், மூக்கு தாழ்ந்து இருப்பதாகத் தோன்றித் தன்னையறியாமல் ஸ்டிக்கை இழுப்போம், வேகம் குறையும். மலையருகே வேகமானியை அடிக்கடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரோட்டரில் பின்தொடர்வது பற்றி. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். டோ வேகம் 65 நாட் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர். கயிறு 60 மீட்டர். அதாவது இழுவை விமானம் இருக்கும் காற்றுக்குள் நீங்கள் இரண்டு வினாடிக்கும் குறைவான நேரத்தில் போய்ச் சேர்வீர்கள். அது திடீரென்று ஒரு ஆள் உயரம் எழும்பினால் அதே காற்று உங்களையும் இதோ தூக்கப் போகிறது. அதற்குள் நீங்கள் ஸ்டிக்கை இழுத்துத் துரத்தினால், உங்கள் இழுப்பும் காற்றின் தூக்கலும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் மேலே போய்விடுவீர்கள். உடனே ஸ்டிக்கைத் தள்ளுவீர்கள், அப்போது இழுவை விமானம் இறங்கும் காற்றில் நுழைந்திருக்கும். இப்படி இரண்டு முறை நடந்தால் கயிறு தொய்ந்து சவுக்கு மாதிரி அடிக்கும்.

அதனால் நான் மாணவர்களிடம் சொல்வது: பாதி தூரம் மட்டும் துரத்து, மீதியைக் காற்றிடம் விடு. இறக்கையை இணையாக வைப்பதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம், அதற்கு முழு ஸ்டிக்கும் முழு ரட்டரும் (வாலில் இருக்கும் திசைத்தகடு) போனாலும் பரவாயில்லை. பக்கவாட்டில் நழுவினால் திரும்பி வர நேரம் பிடிக்கும்.

சமெதான்_தம்பையா

வணக்கம். நான் சுவிசில் இருக்கிறன், எங்காடின் பள்ளத்தாக்கில் பறக்கிறது. சமெதான் விமானநிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,707 மீட்டர், சுத்திவர 3,000 மீட்டருக்கு மேலான மலைகள். மிண்டன் 1,440 மீட்டர் எண்டு நினைக்கிறன், ஆகவே என்னுடைய அனுபவம் ஓரளவு பொருந்தும்.

தம்பி, உயரமான இடத்தில டோ எடுக்கேக்க முதல் வித்தியாசம் ஓடுபாதையிலேயே தெரியும். காற்று அடர்த்தி குறைவு, இழுவை விமானத்தின்ர எஞ்சின் பலமும் குறையும், புரொப்பெல்லர் பிடிப்பும் குறையும். வேகமானியில அதே எண்தான் காட்டும், ஆனால் நிலத்துக்கு மேலான உண்மையான வேகம் கூட. ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாயிருக்கும். மார்ச்சில குளிரில இது கொஞ்சம் குறைவாய்த் தெரியும், கோடையில மதியம் போனால் நல்லாய் விளங்கும்.

எங்கட இடத்தில மலோயா காற்று எண்டு ஒண்டு இருக்கு. மற்றப் பள்ளத்தாக்குகளில பகல்நேரக் காற்று கீழிருந்து மேலே அடிக்கும். எங்காடினில பிற்பகலில மலோயா கணவாய்ப் பக்கமிருந்து பள்ளத்தாக்கின் கீழ்நோக்கி அடிக்கும். புத்தகத்தை மட்டும் படிச்சிட்டு வாற ஆக்கள் இதில குழம்புறது வழமை. நீங்களும் மிண்டனில இறங்கின உடன உள்ளூர் ஆக்களோட கதைச்சு, எந்த நேரத்தில எந்தப் பக்கத்தால காற்று வரும் எண்டு கேளுங்கோ. கேக்காமல் பறக்கிறது புத்தியில்லை.

கயிறு அறுந்தால் என்ன செய்யிறது எண்டதையும் புறப்பட முதல் வாய்விட்டுச் சொல்லுங்கோ. சமதளத்தில 200 அடிக்கு மேல திரும்பி வரலாம் எண்டு அமெரிக்காவில படிப்பிப்பினம். மலைப் பள்ளத்தாக்கில பலத்த காற்றில அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. எந்தப் பக்கம் திரும்புறது, எந்த வயலில இறங்குறது, எல்லாம் அண்டைய காற்றைப் பாத்துத்தான்.

விக்டோரியா_வானம்

எல்லோரும் ஹை டோ, அதாவது கலங்கிய காற்றுக்கு மேலே நிற்பது பற்றியே பேசுகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் நாங்கள் பழகுவது லோ டோ. இழுவை விமானத்தின் கலங்கிய காற்றுக்குக் கீழே நிற்போம். மேலே நின்றால்தானே வாலைத் தூக்குகிற பிரச்சினை? கீழே நின்றால் இழுவை விமானம் எப்போதும் கண்ணுக்கு மேலே, கண்ணாடிக்குள் முழுசாகத் தெரியும். மறைந்து போகிற பேச்சே இல்லை. மேலே நழுவினாலும் முதலில் கலங்கிய காற்று தட்டி எச்சரிக்கும். மலையில் இது இன்னும் பாதுகாப்பு என்பது என் கருத்து. மற்ற நாடுகள் ஏன் மாறவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

கயிற்றுக்கு_முன்னால்

எனக்கும் லோ டோ பிடிக்கும். நீங்கள் சொன்ன காரணம் எல்லாம் சரி, கூடவே நீண்ட தூரம் இழுத்துக்கொண்டு போகும்போது எனக்கு டிரிம் வசதியாக இருக்கும். ஆனால் வாலைத் தூக்கும் விபத்துகள் பெரும்பாலும் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், தரைக்குப் பக்கத்திலேயே நடக்கிறவை. அந்தக் கட்டத்தில் லோ டோ ஆளும் இன்னும் தன் இடத்துக்குப் போய்ச் செட்டிலாகியிருக்க மாட்டார். அதனால் லோ டோ அந்த ஆபத்தை முழுக்க ஒழித்துவிடுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம்_அலை

இதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. லோ டோவில் கயிறு இழுவை விமானப் பக்கம் அறுந்தால் அது வளையத்தோடு கிளைடரின் மேல் விழும். ரோட்டரில் கயிறு அறுவது அபூர்வமான விஷயமில்லை. வீக் லிங்க் (இழுவை அளவு மீறினால் முதலில் அறும்படி கயிற்றில் போடும் இணைப்பு) இருப்பதே அதற்காகத்தான்.

இன்னொன்று, ரோட்டர் கிளைடரைச் சட்டென்று இருபது முப்பது அடி தூக்கிவிடும். லோ டோவில் இருப்பவர் அப்போது கலங்கிய காற்றின் நடுவே போய் மாட்டுவார், அங்கே இறக்கையைச் சமன் செய்யும் ஏலரான் பிடிப்பும் குறையும். இதெல்லாம் சமாளிக்கவே முடியாத விஷயம் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியர்கள் சமாளிக்கிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: முதல்முறை மிண்டன் போகிறவர் அங்கே இழுவை விமானிகள் எதை எதிர்பார்க்கிறார்களோ அதையே செய்ய வேண்டும். அங்கே ஹை டோ. கண்ணாடியில் பார்க்கும் இடத்தில் கிளைடர் இல்லை என்றால் இழுவை விமானி பதறுவார். கஷ்டமான காற்றில் இரண்டு பேருக்கும் ஒரே எதிர்பார்ப்பு இருப்பது எந்த முறையையும் விட முக்கியம்.

புது_இறக்கை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் தனியாகக்கூடப் பறக்கவில்லை. ரோட்டர் ரோட்டர் என்கிறீர்களே, அது மலைக்கு எந்தப் பக்கம் இருக்கும்? வேவுக்குப் போக அதற்குள் நுழைந்தே ஆக வேண்டுமா?

மூன்றாம்_அலை

மன்னிப்பெல்லாம் எதற்கு, நல்ல கேள்வி.

பலத்த காற்று மலைத்தொடரைக் குறுக்கே தாண்டி வரும்போது, மேலே காற்றடுக்கு நிலையாக இருந்தால், மலைக்கு அந்தப்புறம் கீழே சரிந்த காற்று திரும்ப மேலே எழும்பும், மறுபடி இறங்கும், மறுபடி எழும்பும். நிலத்தோடு ஒப்பிட்டால் இந்த அலைகள் அதே இடத்தில் நிற்கும். காற்று மட்டும் அவற்றின் ஊடாக ஓடும். அலையின் முகட்டில்தான் லென்ஸ் வடிவ மேகம் அசையாமல் நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த முகட்டுக்குக் கீழே, ஏறத்தாழ மலையுச்சி உயரத்தில், காற்று கட்டுக்குலைந்து உருளும். அதுதான் ரோட்டர். ஈரம் இருந்தால் கிழிந்த பஞ்சு வரிசையாக மேகம் தெரியும். ஈரம் இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது, ஆனால் இருக்கும்.

அந்த உருளலில் காற்று வரும் பக்கம் மேலே ஏறும், காற்று போகும் பக்கம் கீழே இறங்கும். தரையில் சில நேரம் காற்று மலையை நோக்கித் திரும்பி அடிக்கும். ஓடுபாதையின் ஒரு முனையில் ஒரு திசையும் மறு முனையில் வேறு திசையும் காட்டும் காற்றுப்பை மிண்டன் மாதிரி இடங்களில் பார்க்கக்கூடியதுதான்.

மிண்டனில் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். ஃப்ரீல் சிகரம், ஜாப்ஸ் சிகரம் எல்லாம் மேற்கே, அவற்றுக்குப் பின்னால் டாஹோ ஏரி. கிழக்கே பைன் நட் மலைகள். நடுவில் கார்சன் பள்ளத்தாக்கு, அதில் விமானநிலையம். இழுவை விமானம் மேற்கு நோக்கிப் போய், ரோட்டரின் இறங்கும் பகுதியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கடந்து, ஏறும் பகுதிக்குள் போக வேண்டும். அங்கே போனதும் அது குலுங்கிக்கொண்டே வேகமாக ஏறும். திடீரென்று குலுக்கல் நின்றுவிடும், வேரியோ (ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) மட்டும் மேலே காட்டிக்கொண்டிருக்கும். வேவுக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னும் மேற்கே போனால் மலையோரம் இறங்கும் காற்று. அதில் இழுத்துக்கொண்டு போவது பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் நஷ்டம்.

ரோட்டரைச் சுற்றிக்கொண்டு போகிற வழி சில நாளில் கிடைக்கும், பெரும்பாலான நாளில் கிடைக்காது.

பழைய_பாரோகிராஃப்

இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு வரலாறு. மிண்டனுக்குத் தெற்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பிஷப் என்ற ஊர். 1951-52இல் சியெரா வேவ் ஆய்வுத் திட்டம் அங்கேதான் நடந்தது. யோவாகிம் குய்ட்னர் போன்ற வானிலை விஞ்ஞானிகளே கிளைடரில் ஏறிப் பறந்து அளந்தார்கள். 1952 மார்ச்சில் லாரி எட்கரும் ஹரால்ட் கிளீஃபோர்த்தும் பிராட்-ரீட் இரட்டை இருக்கைக் கிளைடரில் 44,000 அடியைத் தாண்டினார்கள்.

அதே எட்கர், 1955 ஏப்ரல் 25 அன்று, அதே வகைக் கிளைடரில் ரோட்டரின் ஓரத்தில் போனபோது கிளைடர் காற்றிலேயே துண்டு துண்டாக உடைந்தது. பாராசூட்டில் தப்பினார். உலகத்திலேயே அந்த இடத்தை நன்றாக அறிந்தவர்களில் ஒருவர் அவர். கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தக் காற்றின் பலம் அப்படி.

பால் பிக்கிள் 1961இல் தனி இருக்கை ஷ்வைசரில் 46,267 அடி போனதும் சியெரா வேவில்தான். அந்த உயரச் சாதனை கால் நூற்றாண்டு நின்றது. இப்போது பெர்லான் 2 என்ற கிளைடர் அர்ஜென்டினாவின் எல் கலஃபாத்தேயில் 2018இல் 76,000 அடிக்கு மேலே போய்விட்டது. அதற்கு ஏரோடோ கொடுத்தது எக்ரெட் என்ற உயரப்பறப்பு விமானம், 40,000 அடிக்கும் மேல் வரை இழுத்துக்கொண்டு போனது. கயிற்றின் பின்னால் நிற்கும் கலை அங்கேயும் இதேதான்.

ஹாலிஸ்டர்_வாசி

அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. எட்கர் கதை தூக்கத்தைக் கெடுக்கும் போலிருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லது.

இன்னும் இரண்டு சந்தேகம். கயிறு தொய்ந்துவிட்டால் ஏர்பிரேக்கை (இறக்கையில் எழும்பி வேகத்தைக் குறைக்கும் தகடு) கொஞ்சம் திறந்து சரிசெய்யலாம் என்று ஒருவர் சொன்னார், கூடவே கூடாது என்று இன்னொருவர் சொன்னார். அடுத்தது, அமெரிக்காவில் ரிலீஸ் ஆனதும் கிளைடர் வலப்பக்கம், இழுவை விமானம் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது வழக்கம். மலைச்சரிவு என் வலப்பக்கத்தில் பக்கத்திலேயே இருந்தால்?

மூன்றாம்_அலை

முதல் சந்தேகத்துக்கு. தொய்வு சின்னதாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் இறக்கையை இணையாக வைத்துக் காத்திருங்கள், இழுவை விமானமே எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிதானால் ரட்டரால் மூக்கைத் தொய்வுக்கு எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்புங்கள். கயிறு இறுகப் போகும் நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தை இழுவை விமானத்துக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். வெடுக்கென்று இறுகினால்தான் வீக் லிங்க் போகும்.

ஏர்பிரேக் முறை சமதளத்தில் சரி. ரோட்டரில் நான் வேண்டாம் என்பேன். காரணம் இடது கை. அந்தக் கை ஏர்பிரேக்கின் நீலக் கைப்பிடியில் இருந்தால் ரிலீஸின் மஞ்சள் குமிழில் இருக்காது. பெரிய குலுக்கலில் ஏர்பிரேக் கையோடு முழுக்கத் திறந்துகொள்ளவும் செய்யும். இடது கை மஞ்சள் குமிழுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரு குலுக்கலில் தெரியாமல் இழுத்துவிடுவீர்கள். தொய்வு வளையமாகித் திரும்பி இறக்கைப் பக்கம் வந்தால் சரிசெய்யும் முயற்சியே வேண்டாம், ரிலீஸ்.

பட்டையையும் சொல்ல வேண்டும். தொடையின் மேல் போகும் பட்டைகளை வலிக்கிற அளவுக்கு இறுக்குங்கள், அப்புறம் தோள்பட்டை. இல்லாவிட்டால் தலை கேனோப்பியில் மோதும், ஸ்டிக் பிடித்த கை உடம்போடு சேர்ந்து ஆடும், அதுவே கிளைடரை ஆட்டும்.

கயிற்றுக்கு_முன்னால்

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

வலம்-இடம் வழக்கம் சமதளத்துக்கு. சரிவு வலப்பக்கம் இருந்தால் சரிவை நோக்கி யாரும் திரும்பக் கூடாது, நீங்களும் சரி நானும் சரி. தரையிலேயே பேசி முடிவு பண்ணிவிட வேண்டிய விஷயம் இது. நான் செய்வது: சரிவை விட்டு விலகிப் பள்ளத்தாக்குப் பக்கம் மூக்கைத் திருப்பிய பிறகுதான் ரிலீஸ் செய்யச் சொல்வேன். அப்போது இரண்டு பேருக்கும் முன்னால் வெட்டவெளி இருக்கும்.

இன்னொன்றையும் கிளைடர்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ரிலீஸ் செய்தால் எனக்கு ஒரு தள்ளல் தெரியும். ரோட்டரில் அந்த மாதிரித் தள்ளல் நிமிஷத்துக்குப் பத்துத் தடவை வரும். அதனால் நான் கண்ணாடியில் உங்களைப் பார்த்து, கயிறு வெறுமையாக ஆடுகிறதா என்று உறுதி செய்யாமல் கீழே இறங்க மாட்டேன். ரேடியோவில் "ரிலீஸ்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

சைகைகளும் அப்படித்தான். நான் இறக்கையை ஆட்டினால் "உடனே விடு" என்று அர்த்தம். ரட்டரை மட்டும் ஆட்டினால் "உன் ஏர்பிரேக் திறந்திருக்கிறது, பார்" என்று அர்த்தம். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, நன்றாக ஏறிக்கொண்டிருந்த கிளைடர் தாழ்வான உயரத்தில் ரிலீஸ் செய்து விபத்தானது உண்டு. ரோட்டரில் என் இறக்கை தானாகவே ஆடும், நான் சைகை காட்டுகிறேனா காற்று ஆட்டுகிறதா என்று உங்களால் பிரிக்க முடியாது. அதனால் மலை டோவுக்கு ரேடியோவில் என்ன வார்த்தை, எந்த அலைவரிசை என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். புறப்படும் முன் ரேடியோவைச் சோதிக்காமல் நான் கயிற்றை இறுக்குவதில்லை.

உங்கள் கிளைடரின் கையேட்டில் ஏரோடோவுக்கு அதிகபட்ச வேகம் ஒன்று போட்டிருக்கும், குலுங்கும் காற்றுக்கு ஒன்று போட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதை என்னிடம் சொல்லுங்கள். இறங்கும் காற்றில் மாட்டினால் சீக்கிரம் வெளியே வர வேகத்தைக் கூட்ட எனக்குக் கை துருதுருக்கும். உங்கள் எல்லை எது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம்_அலை

ரோட்டரின் இறங்கும் பக்கத்தில் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. கிளைடர் விமானிகள் 1:35 என்ற சறுக்கு விகிதத்தை (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 35 மீட்டர் முன்னே போவது) நம்பி உட்கார்ந்திருப்போம், அதனால்தான் இதைப் போட்டுக் காட்டுகிறேன்.

வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 28 மீட்டர். அந்த வேகத்தில் கிளைடர் தானாக இறங்குவது வினாடிக்கு 0.8 மீட்டர். காற்று வினாடிக்கு 5 மீட்டர் இறங்குகிறது, ரோட்டரில் இது அதிசயமில்லை. ஆக மொத்தம் 5.8. எதிர்க்காற்று வினாடிக்கு 15 மீட்டர் என்றால் நிலத்துக்கு மேல் உங்கள் வேகம் வெறும் 13. 13ஐ 5.8ஆல் வகுத்தால் 2.2. கையில் 500 மீட்டர் உயரம் இருந்தால் 1,100 மீட்டர் தூரம்தான் போவீர்கள்.

அதே காற்றில் மணிக்கு 150 கிலோமீட்டராகக் கூட்டினால், சொந்த இறக்கம் கூடி 1.7 ஆனாலும், விகிதம் 4 வரும். ஏறத்தாழ இரட்டிப்பு. பழைய 100 கிலோமீட்டரிலேயே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போனால் 7க்கு மேல் வரும். எனவே டோ நெடுகிலும் விமானநிலையத்துக்குக் காற்று வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், திரும்பி வருவது காற்றோடு அமைய வேண்டும். மிண்டனில் மலையும் காற்றும் ஒரே பக்கம் இருப்பதால் இது தானாகவே அமைகிறது. கிழக்கே பைன் நட் பக்கம் போய் இரண்டாம் அலையைப் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் இந்தக் கணக்கை அடிக்கடி போட்டுப் பார்க்க வேண்டும்.

சமெதான்_தம்பையா

இறங்கும் காற்றில் வேகத்தைக் கூட்டு எண்டு சொல்லுறது லேசு, செய்யிறது கஷ்டம். நிலம் கிட்ட வாறதைப் பாக்கேக்க கை தன்பாட்டில ஸ்டிக்கை இழுக்கும். தாழ்வாய் இருக்கேக்கதான் கூட வேகம் தேவை. இதைப் பயிற்றுநரோட இருக்கேக்கயே பழகிக்கொள்ளுங்கோ, தம்பி.

விக்டோரியா_வானம்

வீக் லிங்க் பற்றி யாராவது சரியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் விதி எப்படி? எங்கள் கிளப்பில் கிளைடர் கையேட்டில் போட்ட பலத்துக்குத் தக்க டோஸ்ட் வீக் லிங்க் போடுவோம், நிறத்தை வைத்து அடையாளம் காண்போம்.

கயிற்றுக்கு_முன்னால்

அமெரிக்க விதிப்படி கயிற்றின் அறுபடும் பலம் கிளைடரின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு மடங்குக்கு மேலும் போகக் கூடாது. 600 கிலோ கிளைடருக்கு 480 முதல் 1,200 கிலோ வரை. கயிறு இரண்டு மடங்குக்கு மேல் பலமாக இருந்தால் இரண்டு முனையிலும் வீக் லிங்க் வேண்டும், என் பக்கம் இருப்பது கிளைடர் பக்கத்தை விடப் பலமாக, ஆனால் 25 சதவீதத்துக்கு மேல் போகாமல். அறுந்தால் உங்கள் பக்கம் அறுந்து கயிறு என்னோடு வர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

ரோட்டரில் அடிக்கடி அறுகிறது என்று சிலர் பலமான வீக் லிங்க் கேட்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். கிளைடர் கையேட்டில் ஒரு எண் இருந்தால் அதுதான் முடிவு. அந்த லிங்க் முதலில் அறுவதால்தான் என் வாலும் உங்கள் ஹூக்கும் ஒழுங்காக இருக்கின்றன. ஒவ்வொரு டோவுக்கும் முன் கயிற்றை விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சு விழுந்திருந்தால் பலம் பெருமளவு குறைந்துவிடும், அந்தக் கயிற்றில் மலைக்குப் போக வேண்டாம்.

ஹாலிஸ்டர்_வாசி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆக்சிஜன், 18,000 அடிக்கு மேல் வேவ் ஜன்னலுக்கான (கிளைடர்களுக்கென ஒதுக்கும் வான்பகுதி) அனுமதி, டிரான்ஸ்பாண்டர் (ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் கருவி) எல்லாம் பயிற்றுநர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய_பாரோகிராஃப்

பார்த்துக்கொள்வார்தான், ஆனாலும் டிரான்ஸ்பாண்டர் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். 2006 ஆகஸ்டில் மிண்டன் பக்கத்தில், 16,000 அடி உயரத்தில், ஒரு கிளைடரும் ஹாக்கர் ஜெட்டும் மோதின. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிளைடர் விமானி பாராசூட்டில் இறங்கினார், ஜெட்டும் தரையிறங்கியது, யாரும் சாகவில்லை. ரீனோ விமானநிலையத்துக்கு இறங்கி வரும் ஜெட்கள் அந்தப் பக்கம் நிறைய.

ஆக்சிஜனை 12,500 அடி வரை தள்ளிப்போட விதி இடம் கொடுக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தரையிலேயே போட்டுக்கொண்டு புறப்படுங்கள். ரோட்டருக்குள் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மூக்குக் குழாயைத் தேட முடியாது.